நொண்டுகிறவன்தான் கள்ளன்!

"வாப்பா...!"

அம்ராவின் அலறல் திருகோணமலை ஓர்ஸ் ஹில் சரிவில் உருண்டு இறங்கி, உள்துறைமுகக் கரையில் நின்ற கொக்குகளைக் கிளப்பிவிட்டது.

விடிகாலை. வீட்டின் பக்கவாட்டில் ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் பச்சைத் தார்ப்பாயில் ஒரு படங்கு. நேற்று வரை அந்தப் படங்கின் கீழே ஒரு மோட்டார்சைக்கிள் நின்றது.

இன்று இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன!

ஒரு காலில் செருப்பு. மற்றது வெறுங்கால். அசைவில்லை...

சுபஹுத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஸெய்னுதீன் ஹாஜியார் மகளின் குரல் கேட்டு ஓடி வந்தார். ஓடி என்றால், நொண்டி நொண்டி.

"மையித்து வாப்பா... மையித்து..." அம்ராவின் விரல் படங்கைக் காட்டியது.

ஹாஜியார் மையித்தைப் பார்க்கவில்லை. மையித்துக்கு இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். கூரையைக்கூட ஒருமுறை பார்த்தார்.

"பைக் எங்க?"

அப்போதுதான் பிணம் தும்மியது!

படங்கை விலக்கினால் உள்ளே தயா. பைக்கைக் காவல் காக்க ஹாஜியார் முந்தாநாள் அமர்த்திய காவலாளி. உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் காவல் இருந்தவன். கண்ணே மூடமாட்டான் என்று சொல்லித்தான் விடுதிக்காரர் அனுப்பிவைத்தார்.

தயா எழுந்து உட்கார்ந்தான். பைக் நின்ற வெற்றிடத்தைப் பார்த்தான். ஹாஜியாரின் முகத்தைப் பார்த்தான்.

பிணமாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். மறுபடி படுத்துக்கொண்டான்.

ஹாஜியார் போனை எடுத்தார்.

சப் இன்ஸ்பெக்டர் லதுசா ஜீப்பில் வந்து இறங்கியபோது வெயில் மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. கூடவே கான்ஸ்டபிள் ஜவ்பர். லதுசா ஸ்கூட்டியில் வேலைக்குப் போய் வருகிறவள். பொத்தானை அமர்த்தினால் கிளம்பும், சாவியைத் திருப்பினால் நிற்கும். வாகனங்களைப் பற்றி அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இருந்ததில்லை.

"என்ன பைக், ஹாஜியார்?"

கேட்டிருக்கக் கூடாது!

ஹாஜியார் தொடங்கினார். அது பி.எஸ்.ஏ. எம்-20. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் படைகளுக்கென்று லட்சத்துக்கு மேல் செய்த பைக். ஐந்நூறு சீசீ, ஒற்றைச் சிலிண்டர். முன்சக்கரத்துக்கு ஒரு பெரிய சுருள் வில்லு இருந்தது. பின்சக்கரத்துக்கு அதுவும் இல்லை, ஓட்டுகிறவனின் முதுகெலும்புதான் வில்லு. துறைமுகத்தில் கடற்படையின் தந்திகளைச் சுமந்து ஓடிய பைக் அது என்றார்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் வந்து துறைமுகத்தில் குண்டு போட்டபோது, இந்த பைக் இரண்டு விமானங்களுக்கு நடுவே ஓடித் தப்பியதாம். பெற்றோல் தாங்கியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். ஜப்பான் குண்டுச் சிதறல்!

ஜீப்பை ஒதுக்கி நிறுத்திவிட்டுப் பிந்தி வந்த ஜவ்பருக்காக ஹாஜியார் அதை இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை விமானங்கள் நான்காகிவிட்டன.

இன்று நண்பகல் கொழும்பிலிருந்து லொறி வருவதாக இருந்தது. ஒரு தனியார் அருங்காட்சியகம் பைக்கைக் கேட்டிருந்தது. ஹாஜியார் ஒரு சதமும் வாங்கவில்லை. பைக்குக்குப் பக்கத்தில் அவருடைய பெயரையும், தொப்பி போட்ட படத்தையும் பெரிதாக வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அது போதும் அவருக்கு!

சாவி எங்கே என்று லதுசா கேட்டாள்.

சாவியே கிடையாது என்றார் ஹாஜியார். பற்றரியும் தேவையில்லை. மக்னெட்டோ என்று ஒன்று உள்ளே சுழன்று தானே நெருப்புப் பொறியை உண்டாக்கும். அதைப் பெருமையாகச் சொல்லி முடித்த பிறகுதான் அவருடைய முகம் வாடியது. சாவி இல்லாததால்தானே தயாவை வைத்தார்!

"அப்ப ஆரும் எடுத்துக்கொண்டு போகலாம்."

"ஏலாது மெடம்." ஹாஜியார் தலையை ஆட்டினார். "அந்த பைக்குக்கு ரோசம் இருக்கு. தெரியாதவன் கிக்கரை உதைச்சா, அது திருப்பி உதைக்கும். முழங்கால் கழண்டுபோகும். இத எடுத்தவன் நொண்டாமப் போயிருக்க ஏலாது."

லதுசாவின் முகம் மலர்ந்தது. இவ்வளவு சுலபமான வழக்கு அவளுக்கு வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வாய்த்ததில்லை.

"ஜவ்பர்... நொண்டுகிறவன்தான் கள்ளன். தேடு."

தேட வேண்டியிருக்கவில்லை!

தயா படங்கிலிருந்து எழுந்து இரண்டடி நடந்தான். வலது காலை இழுத்து இழுத்து...

"கால்ல என்ன?"

முகமூடி போட்ட நான்கு தடியர்கள் வந்தார்களாம். தயா நான்கு பேருடனும் மோதினானாம். ஒருவன் இரும்புக் கம்பியால் காலில் போட்டானாம். பிறகு தலையிலும் போட்டதால் மிச்சம் ஞாபகமில்லையாம்.

லதுசா குனிந்து பார்த்தாள். தயா படுத்திருந்த இடத்தில் ஒரு தலையணை. பூப்போட்ட உறை, சலவை மணம் இன்னும் போகவில்லை. தலைமாட்டில், கொசுவை விரட்டும் நுளம்புத்திரி ஒன்று கால்வாசி எரிந்து கிடந்தது.

"நாலு பேரில ஆர் உனக்கு நுளம்புத்திரி கொளுத்தி வைச்சது?"

தயா தலையணையைக் காலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளினான்.

வாசலில் பைக் ஒன்று வந்து நின்றது. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை அம்ராவை நிக்காஹ் செய்யப்போகிற றுவைஸ். புல்மோட்டையில் வேலை, கிண்ணியாவில் வீடு. செய்தி கேட்டுப் பதறி ஓடி வந்தான்.

அவனும் நொண்டி நொண்டி!

"ஃபுட்போல்." லதுசா கேட்பதற்கு முன்பே சொன்னான். "ஃபுட்போல் விளையாடினனான், மெடம்."

"புடிங்க மெடம் இவன!" என்றார் ஹாஜியார்.

மாமனாருக்கு மருமகன் மேல் ஏற்கனவே ஒரு கோபம் இருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு வந்த அன்று, கொட்டகையை எட்டிப் பார்த்த றுவைஸ், "இது பழைய இரும்புக்குப் போடுறதா, மாமா?" என்று நல்ல மனதோடு கேட்டுவிட்டான். அன்றிலிருந்து ஹாஜியார் அவனுடைய சலாமுக்குப் பாதிப் பதில்தான் சொல்லுகிறார்.

நண்பகலுக்கு வர வேண்டிய லொறி நேரத்தோடு வந்துவிட்டது. அருங்காட்சியகத்தின் ஆள் சுகிர்தன் முன்கதவைத் திறந்து இறங்கினான். பைக்குக்குப் போர்த்த வெல்வெட் துணி ஒன்றைக் கையில் வைத்திருந்தான்.

இறங்கியவன், நொண்டினான்!

லொறிப் படி வழுக்கிவிட்டதாம்.

ஜவ்பர் லதுசாவின் காதருகே வந்தான். "மெடம், திருகோணமலையில நொண்டாத ஆம்பிள ஒருத்தரும் இல்லையா?"

லதுசா ஹாஜியாரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு என்ன, ஹாஜியார்?"

"சீனி வருத்தம்."

"சீனி வருத்தம் வலது காலுக்கு மட்டும் வாறதோ?"

நான்கு பேரையும் கொட்டகையின் முன்னால் கதிரை போட்டு வரிசையாக இருத்தினாள். நான்கு வலது கால்களும் வீங்கியிருந்தன. ஒரே இடத்தில், ஒரே மாதிரி! பொய் சொல்லுகிறவனின் பெயர் மேலிடத்துக்குப் போய்விடும் என்று லதுசா பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள். எந்த மேலிடம் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் நான்கு பேரும் அதை மாமியார் வீடு, முதலாளி, மனைவி என்று அவரவர் வசதிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் உடைந்தவன் றுவைஸ். கலியாணச் சாமான் கொண்டுவந்த அன்று, அம்ராவின் முன்னால் வீரம் காட்ட ஒரு உதை உதைத்திருக்கிறான். கிக்கர் திரும்பி வந்து, அவனை ஈரப்பலா மரத்தடியில் இருத்தியிருக்கிறது. அம்ரா பொத்திப் பொத்திச் சிரித்ததை அவன் பார்த்துவிட்டான். அந்த வெட்கத்துக்குப் பிறந்ததுதான் ஃபுட்போல்.

தயா, வேலைக்கு வந்த அன்று பின்னேரமே ஆசையை அடக்கமுடியாமல் உதைத்திருந்தான். சுகிர்தன் போன முறை பரிசோதிக்க வந்தபோது, ஹாஜியார் தேத்தண்ணி எடுக்க உள்ளே போன இடைவெளியில் உதைத்திருந்தான்.

"நீங்கள், ஹாஜியார்?"

ஹாஜியார் தாடியைத் தடவினார். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் அந்த பைக்கைத் துடைத்துக் காட்டுவார், யுத்தத்தைப் பற்றிக் கதைப்பார். ஓட்டிக் காட்டியது மட்டும் இல்லை. கலியாணம் முடித்த காலத்திலிருந்து உதைக்கிறாராம். ஒரு நாள்கூட அது எழும்பவில்லை. முந்தாநாளும் கடைசியாக ஒரு தடவை, வழியனுப்பும் முகமாக உதைத்துப் பார்த்தாராம்.

அது இவருக்கும் வழியனுப்பும் முகமாக ஒன்று கொடுத்தது!

அம்ரா சிரித்தேவிட்டாள். அந்தச் சிரிப்பு ஹாஜியாரைச் சுட்டது.

"சிரிக்காத. எடுத்தவன் இவன்தான். வேற ஆருக்கு இந்த வீட்டுப் பாதை தெரியும்?" அவர் றுவைஸைக் காட்டிவிட்டுப் போனைக் கையில் எடுத்தார். "பள்ளிக்குச் சொல்லுறன். வெள்ளிக்கிழம நிக்காஹ் இல்ல."

அம்ராவின் சிரிப்பு அப்படியே நின்றது. முகத்தில் இரத்தம் இல்லை. றுவைஸ் எழும்ப முயன்று, கால் நோவில் மறுபடி உட்கார்ந்தான்.

இன்னொரு சத்தமும் நின்றது!

இவ்வளவு நேரமும் குசினியிலிருந்து 'சரக்... சரக்...' என்று தேங்காய் திருவும் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. போலீஸ் வந்தபோது நிற்கவில்லை. லொறி வந்தபோது நிற்கவில்லை. இப்போது சட்டென்று நின்றது.

அதை லதுசா மட்டும் கவனித்தாள்.

"போனை வையுங்கோ, ஹாஜியார். கள்ளனை நான் இன்னும் பிடிக்கேல்ல."

வேலிக்கு அப்பாலிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். சரிவுக்குக் கீழ் வீட்டு வேலாப்போடியர். வெருகல் பக்கத்து மனிதர், மகளோடு இருக்க வந்தவர். காதிலே மட்டும் இளமை என்று ஊரில் பகிடி. அவருக்குத் தெரியாமல் ஓர்ஸ் ஹில்லில் ஒரு தேங்காய் விழாது.

விடியப்புறம் ஏதாவது சத்தம் கேட்டதா என்று லதுசா கேட்டாள்.

பைக் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை என்றார். ஒரு மீன்பிடி போட் எஞ்சின்தான் கேட்டது.

"வழக்கமா எங்கட பொடியன்மார் போட் எழும்பாட்டி ஆத்தை அப்பனை எல்லாம் இழுத்துத் திட்டுவானுகள், மகள். இண்டைக்கு ஒரே அடி. டொப், டொப், டொப் எண்டு எழும்பிற்று. ஆரோ ஒருத்தன் தொழில் படிச்சிற்றான் எண்டு சந்தோசப்பட்டன்."

ஒரே அடி!

லதுசா வேலிக்குப் பக்கத்தில் போனாள்.

"பிறகு?"

"கரையால போச்சு. கனநேரம் இல்லை, திரும்பி வந்திற்று. மீன் படேல்லப்போல." கிழவர் நெற்றியைச் சுருக்கினார். "ஒரு புதினம்தான். அந்த போட் பின் ஒழுங்கையால மலையில ஏறிச்சு. போட் மலை ஏறினதை நான் இண்டைக்குத்தான் கேட்டனான்."

"ஐயா... அந்த போட்டை முந்தியும் கேட்டிருக்கிறீங்களோ?"

"ஓம். வெள்ளிக்கிழமைகளில மத்தியானம் கொஞ்ச நேரம் ஓடும். ஆம்பிளையள் எல்லாம் ஜும்ஆவுக்குப் போற நேரம்."

சொல்லிவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்பதுபோல வேலாப்போடியர் வெற்றிலையைத் தேடத் தொடங்கினார். அது போட் அல்ல என்று அவரை இன்றுவரை யாராலும் நம்பவைக்க முடியவில்லை.

லதுசா திரும்பி நான்கு கதிரைகளையும் பார்த்தாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. உதைக்கத் தெரியாதவர்கள் எல்லோரும் நொண்டுகிறார்கள். கள்ளனோ, ஒரே உதையில் கிளப்பியவன். அப்படியானால்...

நொண்டாதவன் அல்லவா கள்ளன்!

பைக் போனது. போன பைக் திரும்பி வந்தது. பின் ஒழுங்கை, அந்தச் சின்னச் சந்து, வந்து முடிவது இந்த வீட்டின் பின்பக்கம். பின்பக்கத்தில் இருப்பது...

"ஜவ்பர், குசினிக்குப் போவம்."

ஜவ்பர் குசினி வாசலோடு நின்றுவிட்டான். உள்ளே பெண்கள் புழங்குகிற இடம், தான் வர ஏலாது என்றான். இந்த வீட்டு ஆண்களும் அப்படித்தானா என்று லதுசா கேட்டாள். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டு ஆணும் அப்படித்தான் என்றான் ஜவ்பர். ஹாஜியார் குசினிக்குள் கால் வைத்ததை யாரும் கண்டதில்லை, தண்ணீர் வேண்டுமென்றால் வாசலில் நின்று செருமுவார்.

லதுசா உள்ளே போனாள்.

ஹாஜியாரின் மனைவி சித்தி பரீதா திருவலையில் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய பெண். கையில் பாதி திருவிய தேங்காய். பின்னால் கலியாணச் சமையலுக்கு இரவல் வாங்கிய கிடாரங்களும் சஹன் தட்டுகளும் மலையாகக் குவிந்திருந்தன. குவியலின் மேலே ஒரு வெள்ளைச் சீலை.

"தேத்தண்ணி ஊத்தவா, மகள்?"

"பிறகு குடிக்கிறன், அன்ரி."

சீமெந்துத் தரையில் காசளவு கறுப்பாக ஒரு சொட்டு. குசினியில் எண்ணெய் சிந்தாமலா இருக்கும்? லதுசா குனிந்து விரலால் தொட்டு மணந்தாள். தேங்காயெண்ணெய் இல்லை. நல்லெண்ணெயும் இல்லை.

"அன்ரி, இந்த எண்ணெயில என்ன பொரிச்சனீங்கள்?"

பரீதா தேங்காயைச் சுளகில் வைத்தார். கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தார்.

"அது பொரிக்கிற எண்ணெய் இல்ல, மகள். நிப்பாட்டி வெச்சா அது கொஞ்சம் ஒழுகும். அந்த மேல் கிடாரத்தத் தூக்குங்க."

லதுசா தூக்கினாள். இன்னொன்றையும் தூக்கினாள். சீலையை இழுத்தாள்.

பெரிய வட்ட முன்விளக்கு ஒன்று அவளை முழித்துப் பார்த்தது!

பி.எஸ்.ஏ. எம்-20. ஐந்நூறு சீசீ. கைப்பிடியில் இரண்டு அகப்பைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

பரீதா ஒளிக்கவில்லை. நடந்ததை, கலியாண வீட்டுக் கறிக்குப் பக்குவம் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். நேற்றுத் தயாவுக்குச் சோற்றுக்குப் பிறகு வட்டிலப்பம் கொடுத்திருக்கிறார், அவன் இன்னும் கேட்க இன்னும் கொடுத்திருக்கிறார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்தால் கண்ணே மூடாதவனும் மூடுவான். புருஷன் சுபஹுக்குப் போன பிறகு, அவருடைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனார். தரையில் கிடந்தவனை நுளம்பு பிய்த்தது. பாவமாக இருந்தது. தலையணையும் திரியும் கொண்டுபோய் வைத்து, படங்கால் மூடிவிட்டு, பைக்கைச் சத்தமில்லாமல் சரிவில் உருட்டி இறக்கினார்.

"உங்களை அது உதைக்கேல்லையோ?"

பரீதா சிரித்தார். எழுந்துபோய் இடது கைப்பிடியில் இருந்த சின்னத் தண்டைத் தொட்டார்.

"ரோசமும் இல்ல, ஒண்டுமில்ல. இது நெருப்பு எப்ப விழ வேணும் எண்டு சொல்லுற தண்டு. இந்தக் காலத்துப் பைக்குகளுக்கு அது தானா நடக்கும். இதுக்கு நாமதான் சொல்லணும். நெருப்பு முந்தி விழுந்தா, மேல ஏறி வாற பிஸ்டனை அது திரும்பக் கீழ தள்ளும். அந்தத் தள்ளுதான் அவங்கட கால்ல விழுந்த உதை. கிளப்பக்குள்ள நெருப்பப் பிந்த வெக்கணும். எழும்பின பிறகு முந்த வெக்கணும். இந்த வீட்டு ஆம்பிளையள் எல்லாத்துக்கும் முந்துற ஆக்கள். அதான் நொண்டுறாங்க."

பரீதாவின் வாப்பா துறைமுகத்தில் கடற்படைக் கராஜில் வேலை செய்தவர். வெள்ளைக்காரன் போகும்போது ஏலத்தில் விட்ட பைக்கை அவர்தான் எடுத்தார். மகளுக்குத் தாவணி போடும் வயதில் முற்றத்தில் பழக்கினார். அதற்குப் பிறகு, ஊர் ஆண்கள் ஜும்ஆவுக்குப் போகும் நேரம் பார்த்து, பைக் செத்துவிடாமல் கிளப்பிக் கிளப்பி நிறுத்தியவர் பரீதா. தான் துடைப்பதால்தான் துருப்பிடிக்கவில்லை என்று ஹாஜியார் நினைத்திருந்தார்!

"இண்டைக்கு ஒளிக்க மட்டும்தான் எடுத்தன். கீழ வந்ததும் கரையால ஒருக்கா ஓடிப்பாக்க ஆசை வந்திட்டு." பரீதாவின் கண் ஒரு கணம் பளிச்சென்றது. பிறகு குரல் இறங்கியது. "பொடியன்ட கலியாணத்த நிப்பாட்டுவார் எண்டு நான் நினைக்கல்ல, மகள். நானே வெளிய வந்து சொல்லத்தான் எழும்பினன்."

"ஹாஜியார்!" லதுசா வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "உள்ளுக்கு வாங்கோ."

ஹாஜியார் வாசலில் நின்று செருமினார்.

"செருமினது போதும். வாங்கோ."

கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஸெய்னுதீன் ஹாஜியார் தன் வீட்டுக் குசினிக்குள் காலை வைத்தார். நொண்டுகிற கால் அது. பின்னால் றுவைஸ், சுகிர்தன், தயா, அம்ரா எல்லோரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

பைக்கைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி பைக்கைப் பார்த்தார்.

"உங்கட பைக்கை எடுத்தது இவதான், ஹாஜியார்," என்றாள் லதுசா. "முறைப்பாடு குடுத்தது நீங்கள். பிடிக்கட்டோ?"

ஹாஜியார் பதில் தேடுவதற்குள் பரீதா முந்திக்கொண்டார்.

"ஒரு கேள்வி, மெடம். இவர்ட பைக் எண்டு ஆரு சொன்ன?"

பரீதா புருஷனின் பக்கம் திரும்பினார்.

"அம்ராட வாப்பா, இந்த வீடு ஆருட?"

"உன்ட." சொல்லியே ஆகவேண்டும். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஊருக்கே தெரிந்த வழக்கம்.

"எங்கட வாப்பா எனக்குச் சீதனமா எழுதித் தந்தது என்ன?"

"வீடும்... வளவும்..." ஹாஜியாரின் குரல் தேய்ந்தது. "அதுக்குள்ள உள்ள சாமானும்."

"கொட்டில்ல நிண்ட பைக்கும். நீங்க வரக்குள்ள ஒரு சூட்கேசோட வந்தீங்க. வெள்ளிக்கிழம நிக்காஹ்வோட இந்த வீடும் சாமானும் அம்ராவுக்குப் போகுது. அதுக்கு முன்ன பைக்கை லொறியில ஏத்திடணும் எண்டுதானே இந்த அவசரம்?"

ஹாஜியார் தலையைக் குனிந்தார். பிடிபட்ட கள்ளனின் முகம் அது!

"கொழும்பில என்ட படத்த வெப்பாங்க எண்டு சொன்னாங்க, பரீதா."

"எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

அதைச் சொல்லும்போது பரீதாவின் குரல் உடைந்துவிட்டது. இத்தனை நேரமும் துடுக்காகப் பேசிய பெண் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பைக்கைவிட அதுதான் அவருக்கு நொந்தது.

"கேட்டா நீ இல்ல எண்டு சொல்லியிருப்பாய்," என்றார் ஹாஜியார் மெதுவாக.

"ஓம். சொல்லியிருப்பன்."

பிறகு ஹாஜியார் றுவைஸின் பக்கம் திரும்பி, சலாம் சொன்னார். முழுச் சலாம்! அம்ரா வாசல் நிலையில் சாய்ந்து அழுதாள். இந்தத் தடவை நல்ல அழுகை.

சட்டென்று உற்சாகமான றுவைஸ், பைக் ஓட்டத் தனக்கும் பழக்கித் தருவீர்களா என்று மாமியிடம் கேட்டான். முதலில் அம்ராவுக்குப் பழக்குவதாகவும், பிறகு அவளிடம் கேட்டுக்கொள்ளும்படியும் பரீதா சொன்னார்.

சுகிர்தன் மட்டும் வெல்வெட் துணியைக் கையில் பிடித்தபடி தவித்தான். கொழும்பில் பெயர்ப்பலகைகூட எழுதியாயிற்றாம். பைக் வராவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஜப்பான் குண்டுப் பள்ளத்தை ஒரு படமாவது எடுக்கலாமா என்று கெஞ்சினான்.

"எந்தக் குண்டு?" என்றார் பரீதா.

"பெற்றோல் தாங்கியில இருக்கிற பள்ளம், அன்ரி."

"அதுவா? அது செவ்விளநி. எங்கட கிணத்தடி மரத்தால விழுந்த. வாப்பா அண்டைக்கே அத வெட்டிக் குடிச்ச."

நான்கு ஜப்பான் விமானங்களும் ஒரே நொடியில் விழுந்து நொறுங்கின! ஹாஜியார் கூரையைப் பார்த்தார். சுகிர்தன் வெல்வெட்டை மடித்தான். லொறி காலியாகத் திரும்பிப் போனது.

"மெடம், வழக்கு?" என்று கேட்டான் ஜவ்பர்.

"என்ன வழக்கு? தன்ர பைக்கைத் தன்ர குசினியில வைக்கிறது குற்றமெண்டு எந்தச் சட்டத்திலயும் இல்லை. நீ போய் ஜீப்பில இரு. நான் தேத்தண்ணி குடிச்சிற்று வாறன்."

ஜவ்பர் ஜீப்பில் இருந்தான். தேத்தண்ணி குடிக்க இவ்வளவு நேரமா என்று எட்டிப் பார்த்தான். பின்வளவில் பைக் உருளும் சத்தம் கேட்டது. "முந்தியா பிந்தியா, அன்ரி?" என்று லதுசாவின் குரல். பரீதா ஏதோ சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிக்கவில்லை...

'சடக்!'

"ஐயோ, அம்மா...!"

பிறகு நிசப்தம். ஈரப்பலா மரத்திலிருந்து இரண்டு காகங்கள் மட்டும் கிளம்பிப் பறந்தன.

கொஞ்சம் பொறுத்து, சப் இன்ஸ்பெக்டர் லதுசா வாசலால் வெளியே வந்தாள். தொப்பி நேராக இருந்தது. முகம் கம்பீரமாக இருந்தது. நடை மட்டும்...

ஜவ்பர் அவளுடைய வலது காலைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கேட்டேவிட்டான்.

"மெடம்... கால்ல என்ன?"

லதுசா ஜீப்பின் கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள்.

"ஃபுட்போல்."